மேலாக் இல்லாமல் வரி வரியாக: சி நிரல் கோப்பைத் தவறாகப் படித்தால் எங்கே பார்ப்பது

அவிநாசியில் தொடங்கிப் பல்லடம் வரை எத்தனையோ எடை மேடைகள். அவற்றில் பாதியிலிருந்தாவது ஒரே கோளாறு வெவ்வேறு வேடத்தில் என் தொலைபேசிக்கு வந்திருக்கிறது. கருவி ஒரு கோப்பில் லோடுக்கு ஒரு வரி என்று எழுதி வைக்கிறது. சி மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒன்று அதைப் படித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு நாள் கணக்கு உதைக்கிறது. "ஏனுங்கண்ணா, நேற்று வரைக்கும் சரியாகத்தானுங்க ஓடியது" என்று ஒரு தம்பி பேச்சைத் தொடங்குவார். நூல் மில்லின் பரிசோதனைக் கூடம், ஈரோட்டு மஞ்சள் கிடங்கு, நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் கலக்கும் இயந்திரம் என்று இடம்தான் மாறும்.

இந்த நிரல்களில் மேலாக், அதாவது நிரல் ஓடும்போதே நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன், கிடையாது. வீம்புக்காக அல்ல. இவற்றில் பல, 20 கிலோபைட் நினைவகம் உள்ள எஸ்டிஎம்32எஃப்103 வகைப் பலகைகளில் ஓடுகின்றன. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்றால் வெறும் 2 கிலோபைட். கணினியில் ஓடுபவையும் மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டியவை. எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தர ஓரிடத்தில் மறந்தாலும் பத்தாம் நாள் மூச்சு முட்டும். ஆகவே அளவு மாறாத ஒரே ஒரு பஃபர் (படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம்), அதில் ஒவ்வொரு வரியாக எடுத்து வேலை பார்ப்பது. எவ்வளவு நீளமான வரியையும் படித்துத் தரும் கெட்லைன் வசதியானதுதான். ஆனால் அது தானே மேலாக் செய்வதால் இங்கே அதற்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழே போங்கள். அளவு மாறாத பஃபரில் படிப்பு மூன்று காரணங்களால் நிற்கும்: வரி முடிந்திருக்கும், பஃபர் நிறைந்திருக்கும், அல்லது கோப்பு தீர்ந்திருக்கும். இந்த மூன்றில் ஒன்றை இன்னொன்றாக நிரல் எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான அறிகுறிகள் பிறக்கின்றன.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் வாயால் சொல்லித் திருத்தியே எனக்குப் பழக்கம். ஃபங்ஷன் பெயர்களையும் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

கோப்புக்கு ஒரு பிரதி எடுங்கள். அசலை எக்செலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். சேமித்த கணத்திலேயே சான்று அழிந்துவிடும்.

படித்த ஒவ்வொரு வரியையும் சதுர அடைப்புக்குள் அச்சிடுங்கள். அதற்கு முன்னால் வரி எண்ணும் ஸ்டர்லென் தரும் நீளமும் வரட்டும். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பான்மை இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

பிறகு கோப்பைப் பைட் பைட்டாகப் பாருங்கள். லினக்ஸில் 'ஓ-டி' என்ற கட்டளைக்கு ஹைஃபன் சி சேர்த்தால் போதும். விண்டோஸில் ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டர் வேண்டும். கீழே நான் சொல்லும் பைட் எண்கள் சாதாரணப் பதின்ம எண்கள்; ஓ-டி ஆக்டலிலும் எடிட்டர் ஹெக்ஸிலும் காட்டும் என்பதால் மாற்றிப் பாருங்கள். நோட்பேட் காட்டுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பார்வைக்கு அழகாக்கித்தான் காட்டும்.

கம்பைலரின் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிடுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் உண்டு. கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும் என்றால் அதைப் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். பஃபருக்கு வெளியே கை வைத்த வரி எண்ணையே அது சொல்லிவிடும்.

## கடைசி வரி இரண்டு முறை வருகிறது

மாலைக் கணக்கில் கடைசி லாரிக்கு மட்டும் இரண்டு ரசீது. நிரலைத் திறந்தால் பத்துக்கு ஒன்பது முறை, "எஃப்-ஈஓஎஃப் வராத வரை" என்று ஒரு வைல் சுற்று இருக்கும்.

கோப்பு தீர்ந்ததா என்று சொல்லும் ஃபங்ஷன்தான் எஃப்-ஈஓஎஃப், ஆனால் அது ஜோசியம் சொல்லாது. ஒரு முறை படிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் அது ஆமாம் என்று தலையாட்டும். கடைசி வரியைப் படித்து முடித்த நிலையிலும் அதற்குத் தெரியாது. சுற்று இன்னொரு முறை உள்ளே போகிறது. வரியைப் பஃபருக்குள் எடுத்துத் தரும் எஃப்கெட்ஸ், ஒன்றும் கிடைக்காமல் பஃபரைத் தொடாமலேயே திரும்புகிறது. பஃபரில் கிடக்கும் பழைய வரிக்கு நிரல் மறுபடியும் ரசீது போடுகிறது.

திருத்தம்: எஃப்கெட்ஸையே சுற்றின் நிபந்தனையாக வையுங்கள். அது நல் பாயிண்டர் (எந்த இடத்தையும் காட்டாத வெற்று முகவரி) தந்தால் சுற்று முடிந்தது. எஃப்-ஈஓஎஃப், படிப்பதில் பிழை வந்ததா என்று சொல்லும் எஃப்-எரர் இரண்டையும் சுற்றுக்கு வெளியே வந்த பிறகு, ஏன் நின்றது என்று கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

### "என் சோதனைக் கோப்பில் இரட்டிப்பு வரவில்லையே"

வராது. கையால் தட்டிய கோப்பில் கடைசி வரிக்குப் பின் என்டர் அழுத்தியிருக்க மாட்டீர்கள். அப்போது எஃப்கெட்ஸ் அந்த வரியைப் படிக்கும்போதே கோப்பின் முடிவில் முட்டிக்கொள்ளும். எஃப்-ஈஓஎஃப் சரியான நேரத்தில் விழித்துவிடும். கருவியோ ஒவ்வொரு வரிக்குப் பின்னும் புதுவரிக் குறி இடுகிறது. தவறான நிரல் உங்கள் மேசையில் சரியாக ஓடி, எடை மேடையில் மட்டும் மானத்தை வாங்குவது இதனால்தான்.

### சுற்று சரியாக இருந்தும் இரட்டிப்பு வருகிறது

கோப்பிலேயே அந்த வரி இரண்டு முறை இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் கடைசி எடையை மறுபடி எழுதும் கருவிகள் உண்டு. அப்படியானால் உங்கள் நிரலில் திருத்த ஒன்றுமில்லை.

## கடைசி எண்ணின் கடைசி இலக்கம் காணவில்லை

பல்லடம் பக்கம் ஓர் எடை மேடையில் 24,860 கிலோ ஏற்றிவந்த லாரிக்கு 2,486 என்று சீட்டு வந்தது. வெறும் லாரியே அதைவிடப் பல மடங்கு எடை என்பதால் கல்லாவில் இருந்த அம்மிணி உடனே பிடித்துவிட்டார். அதுவே சரக்கு எடை மட்டும் இருக்கும் கோப்பாக இருந்திருந்தால் அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

காரணம் எளியது. ஸ்டர்லென்னில் ஒன்று கழித்து அந்த இடத்தில் பூஜ்யம் (சி மொழியில் சரம் முடிந்ததைக் காட்டும் பைட்) வைத்தால் புதுவரிக் குறி போய்விடும் என்று நிரல் நம்புகிறது. கடைசி வரியில் புதுவரிக் குறி இல்லாதபோது அந்த இடத்தில் இருந்தது எடையின் கடைசி இலக்கம்.

திருத்தம்: ஸ்டர்-சி-ஸ்பேன் ஃபங்ஷனிடம் வரியையும், கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் கோப்புகளில் புதுவரிக்கு முன்னால் வரும் குறி), புதுவரி இரண்டும் அடங்கிய சரத்தையும் கொடுங்கள். அது தரும் இடத்தில் பூஜ்ய பைட்டை வையுங்கள். குறி இருந்தால் அது அழியும். இல்லாவிட்டால் ஏற்கெனவே பூஜ்யம் இருந்த இடத்திலேயே இன்னொரு பூஜ்யம் விழும், நட்டமில்லை.

### ஒரு குறிப்பிட்ட வரியில் நிரலே விழுந்துவிடுகிறது

அதே கழித்தலின் இன்னொரு முகம். வரியின் முதல் பைட்டே பூஜ்யமாக இருந்தால் ஸ்டர்லென் பூஜ்யம் தரும். அதில் ஒன்று கழித்தால் பஃபருக்கு முன்னால் இருக்கும் யாருடைய வீட்டிலோ கை வைக்கிறீர்கள். வெற்று வரியில் இது வராது, அங்கே புதுவரிக் குறியாவது இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போன மெமரி கார்டுகளில் பூஜ்ய பைட்டுகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்டர்-சி-ஸ்பேன் போட்ட நிரல் இங்கே விழாது. ஆனால் அந்த வரியில் பூஜ்யத்துக்குப் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதையும் மீட்க வேண்டும் என்றால் எஃப்கெட்ஸை விட்டுவிட்டு, எத்தனை பைட் கிடைத்தது என்று எண்ணிச் சொல்லும் ரீட் அல்லது எஃப்ரீடுக்குப் போக வேண்டும்.

### எடை மைனஸில் வருகிறது

இன்னும் டர்போ சி-யா? அதில் இன்ட் 16 பிட்தான். 32,767 தாண்டினால் கவிழ்ந்துவிடும். 40,000 கிலோ மைனஸ் 25,536 ஆகும். லாங் மாறியும் ஏ-டு-எல் ஃபங்ஷனும் போடுங்கள். முடிந்தால் அந்தக் கம்பைலருக்கு விடைகொடுங்கள்.

## ஒரே வரி இரண்டு மூன்றாக உடைந்து வருகிறது

எனக்கு மிக அதிகமாக வரும் அழைப்பு இது. துண்டுகளின் நீளத்தை முதலில் எண்ணுங்கள். எந்தக் கிளைக்குப் போவது என்று அதுவே சொல்லிவிடும்.

### ஒவ்வொரு துண்டும் ஏழு பைட், அல்லது மூன்று

படிக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, பஃபரை அதற்கு அனுப்பி, உள்ளே சைஸ்ஆஃப் போட்டிருப்பீர்கள். ஃபங்ஷனுக்குள் போனதும் அரே வெறும் பாயிண்டர், அதாவது முகவரி, ஆகிவிடுகிறது. சைஸ்ஆஃப் தருவது பாயிண்டரின் அளவு: 64 பிட் கணினியில் 8, எஸ்டிஎம்32 பலகையில் 4. எஃப்கெட்ஸ் முடிவுக்கு ஒரு பைட் ஒதுக்கிக்கொள்வதால் கைக்கு வருவது 7 அல்லது 3. பஃபரின் அளவைத் தனி அளபுருவாக அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை.

### சரியாகப் பஃபரின் அளவில் உடைகிறது

இங்கே பஃபர் நிறைந்ததை வரி முடிந்ததாக நிரல் எடுத்துக்கொள்கிறது. எஃப்கெட்ஸ் தவறு செய்யவில்லை. கொண்டது வரை கொடுத்துவிட்டு மீதியை அடுத்த அழைப்புக்கு வைத்திருக்கிறது. அந்த மீதியைப் புது வரி என்று நினைத்தது நாம்.

சோதனை: குறியை நீக்கும் முன்னால் வரியில் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. இந்த வரிசையை மாற்றிப் போட்ட நிரல்கள் ஏராளம். குறி இருந்தால் வரி முழுமை. இல்லையென்றால் கெட்-சி கொண்டு ஒரே ஒரு பைட் எடுத்துப் பாருங்கள். கோப்பு முடிவு வந்தால் இது குறி இல்லாத கடைசி வரி, முழுமையானதுதான். புதுவரிக் குறி வந்தால் வரி பஃபருக்குள் கச்சிதமாக அடங்கியிருக்கிறது, குறிக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. வேறு எது வந்தாலும் வரி நீளம்.

நீளமான வரியை என்ன செய்வது? மூன்று வழி. செலவில்லாதது: மீதியைப் புதுவரிக் குறி அல்லது கோப்பு முடிவு வரும் வரை கெட்-சியால் தின்றுவிட்டு, அந்த வரி எண்ணைத் தவறுப் பட்டியலில் எழுதி, அடுத்த வரிக்குப் போவது. அடுத்தது பஃபரைப் பெரிதாக்குவது. இடமிருந்தால் செய்யுங்கள். ஆனால் முதல் வழியையும் கூடவே வையுங்கள், ஏனென்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு நாள் அதைவிட நீளமான வரி ஒன்று வரும். மூன்றாவது, வரியைத் துண்டு துண்டாகவே வாங்கி எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்துப் பிரிப்பது. வேலை அதிகம், 2 கிலோபைட் பலகையில் வேறு வழி இருக்காது.

வெட்டிய பாதியைச் சத்தமில்லாமல் கணக்கில் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். பாதி எடையைவிட எடையே இல்லாதது மேல்.

### தமிழ்ப் பெயர் உள்ள வரி மட்டும் உடைகிறது

ஊர்ப் பெயர் வரிக்கு ஒன்று, பஃபர் 40. ஈரோடு, கரூர், பெருந்துறை எல்லாம் வருகின்றன. கோயம்புத்தூருக்கு அடுத்து மட்டும் ஒரு வெற்று வரி முளைக்கிறது. இதற்காக ஒரு தம்பி இரண்டு இரவு தூங்கவில்லை.

கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் ஒற்றுப் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 39 பைட். எஃப்கெட்ஸ் 40இல் ஒன்றை முடிவுக்கு ஒதுக்கிக்கொண்டு 39 பைட் எடுக்கிறது. புதுவரிக் குறி வெளியே நிற்கிறது. அடுத்த அழைப்பில் அது மட்டும் தனியாக வந்து வெற்று வரியாகத் தெரிகிறது. கோவை என்று எழுதியிருந்தால் 12 பைட்டில் வேலை முடிந்திருக்கும். யூனிகோடில் எழுதிய தமிழுக்குப் பஃபரைக் கணக்கிடும்போது, கண்ணில் தெரியும் எழுத்து ஒன்றுக்கு 6 பைட் என்று வைத்து, அதற்குமேல் மூன்று பைட் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேரேஜ் ரிட்டர்ன், புதுவரி, முடிவு. க்ஷ போன்றவை வரும் பெயர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் வேண்டும்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள். வெட்டினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். தமிழ்க் குறியீடு எல்லாமே 224 என்ற பைட்டில் தொடங்கும். அதைத் தொடர்ந்து வருபவை 128 முதல் 191 வரை. கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்து 224ஐ அடையுங்கள். அதற்குப் பின் இரண்டு பைட்டும் முழுதாக இல்லையென்றால் அந்த 224இலேயே வெட்டுங்கள். இப்படிச் செய்தாலும் 'கோ' வெறும் 'க' ஆகலாம், குறைந்தது குப்பையாகாது.

### ரீட் கொண்டு படிக்கிறேன், 4096 பைட்டுக்கு ஒரு வரி உடைகிறது

மேலாக் அறவே கூடாது என்ற இடங்களில் இந்த வழிக்கு வருவீர்கள். லினக்ஸின் வழக்கமான சி நூலகத்தில் எஃப்ஓப்பன் கூட உள்ளுக்குள் மேலாக் செய்கிறது. செட்-வி-பஃப் கொடுத்தால் பஃபர் நம்முடையதாகும், ஆனால் கோப்பின் விவரம் வைக்கும் அமைப்புக்கு அது இடம் எடுக்கத்தான் செய்யும். ஆகவே ஓப்பன், ரீட்.

ரீடுக்கு வரி என்றால் என்னவென்று தெரியாது. கொடுத்த துண்டின் கடைசி வரி அரைகுறையாக நிற்கும். அந்த மீதியை மெம்மூவ் கொண்டு பஃபரின் தலைக்கு நகர்த்தி, அதன் வாலில் அடுத்த துண்டைப் படிக்க வேண்டும். மெம்காப்பி போடாதீர்கள். இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அதற்கு உத்தரவாதம் இல்லை. ரீட் முடிவில் பூஜ்யம் வைக்காது என்பதால் ஸ்டர்-சிஎச்ஆர் போட்டுப் புதுவரியைத் தேடவும் கூடாது. நீளம் கேட்கும் மெம்-சிஎச்ஆர்தான். கேட்டதைவிடக் குறைவாக ரீட் தந்தால் கோப்பு முடிந்தது என்று பொருளல்ல. பூஜ்யம் தந்தால்தான் முடிந்தது. அப்போதும் பஃபரில் குறி இல்லாத மீதி இருந்தால் அதுவும் ஒரு வரி. அதை மறந்தால் கடைசி லோடு கணக்கில் வராது.

## பார்த்தால் ஒன்றுபோல் இருக்கிறது, ஒப்பிட்டால் பொருந்தவில்லை

கோப்பில் 'விரலி' என்று இருக்கிறது. நிரலிலும் 'விரலி'. ஒப்பிடும் ஸ்டர்கம்ப், ஒன்றல்ல என்கிறது.

முதல் சந்தேகம் நீக்காத புதுவரிக் குறி. சதுர அடைப்பு அச்சில் மூடும் அடைப்பு அடுத்த வரிக்குத் தாவியிருந்தால் அதுதான்.

அடுத்தது கேரேஜ் ரிட்டர்ன். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸிலோ பலகையிலோ படித்தால் வரி முடிவில் இரண்டு பைட் இருக்கும், 13ம் 10ம். அடையாளம் வேடிக்கையானது: அச்சில் வரி எண்ணின் முதல் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் மூடும் அடைப்பு தெரியும். கேரேஜ் ரிட்டர்ன் கர்சரை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவிட, மூடும் அடைப்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே சொன்ன ஸ்டர்-சி-ஸ்பேன் திருத்தம் இதையும் தீர்க்கும்.

### முதல் வரி மட்டும் பொருந்தவில்லை

எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி ஆகச் சேமித்த கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் இருக்கும். திரையில் தெரியாது, ஸ்டர்லென் மட்டும் மூன்று அதிகம் காட்டும். முதல் வரியில் அந்த மூன்றும் இருந்தால் தாண்டிவிட்டுத் தொடங்குங்கள்.

### சில ஊர்கள் மட்டும் பொருந்தவில்லை

ஈரோடு பொருந்தவில்லை, கரூர் பொருந்துகிறது என்றால் 'ரோ'வைப் பாருங்கள். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. முதல் வகையில் ஈரோடு 15 பைட், இரண்டாம் வகையில் 18. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. படிக்கும்போதே இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள். சேர்த்தால் நீளம் குறையத்தான் செய்யும் என்பதால் அதே பஃபருக்குள் முடிக்கலாம்.

### எல்லாமே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்றும் அச்சகங்களிலும் மண்டிகளிலும் புழங்குகின்றன. இதைச் சி நிரலுக்குள் மாற்ற முயலாதீர்கள். முதலில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

### முதல் வரி ஓரெழுத்தோடு முடிகிறது, மற்றவை வெற்றாக வருகின்றன

கோப்பின் முதல் இரண்டு பைட் 255, 254 என்றால் அது யூடிஎஃப்-16. எண்களும் ஆங்கில எழுத்துகளும் ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்ய பைட்டோடு வரும். எக்செலில் 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்தால் இப்படித்தான் வரும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து அனுப்பச் சொல்வதே மலிவான தீர்வு.

## எல்லா வரியும் கடைசி வரியாகவே மாறிவிட்டது

நூறு பேல் (பஞ்சுப் பொதி) படித்தீர்கள்; பட்டியலில் நூறும் கடைசிப் பேல். ஒவ்வொரு வரியின் பாயிண்டரையும் அரேயில் சேர்த்து வைத்திருப்பீர்கள். நூறு பாயிண்டரும் ஒரே பஃபரைத்தான் காட்டுகின்றன. ஒரே சிலேட்டில் அழித்து அழித்து எழுதினால் மிஞ்சுவது கடைசியாக எழுதியதுதானே.

வரிகளைச் சேர்த்து வைக்கவே வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கூட்டுத்தொகைக்கு வேண்டாம். வேண்டும் என்றால் எண்ணாக மாற்றி எண்ணை மட்டும் வையுங்கள். வரியே வேண்டும் என்றால் ஸ்டேட்டிக்காக ஒரு பெரிய எழுத்துக் களஞ்சியம் அறிவித்து, ஒவ்வொரு வரியையும் முந்தையதன் வாலில் ஒட்டி எழுதி, தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். களஞ்சியம் நிறைந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வரிகளுக்குப் பதில் குப்பை வந்தால், ஃபங்ஷனுக்குள் அறிவித்த உள்ளூர் அரேயைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அது உங்களுடையது அல்ல. பஃபரை அழைப்பவரே கொடுக்கட்டும்.

## பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

கெட்-சி தருவதைக் கேர் மாறியில் வாங்கியிருந்தால் இன்ட் ஆக மாற்றுங்கள். கணினியில் ஜிசிசியின் கேர் குறியுள்ளது (சைன்ட்), மைனஸ் எண்ணும் அதில் வரும். 255 என்ற பைட் மைனஸ் ஒன்றாகி, கோப்பு முடிந்தது என்று நிரல் நின்றுவிடும். ராஸ்பெர்ரி பையில் அதே கேர் குறியற்றது. மைனஸ் ஒன்று வரவே வராது, சுற்றும் முடியவே முடியாது. ஒரே நிரல் அலுவலகத்தில் நின்று, களத்தில் ஓடிக்கொண்டே இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

விண்டோஸில் மட்டும் பாதியில் நிற்கிறதா? 26 என்ற பைட்டைத் தேடுங்கள். டாஸ் காலத்து பில்லிங் நிரல்கள் அதைக் கோப்பின் முடிவாக எழுதின. டெக்ஸ்ட் முறையில் திறந்த விண்டோஸ் இன்றும் அதை மதித்து நின்றுவிடும். அத்தகைய இரண்டு கோப்புகளை ஒட்டிச் சேர்த்தால் இரண்டாவது காணாமல் போகும். பைனரி முறையில் திறந்து, அந்தப் பைட்டைத் தாண்டிப் போங்கள்.

எஃப்-ஸ்கேன்எஃப் கொண்டு எண் படிக்கும் சுற்று நிற்கவில்லையென்றால், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது. அது எழுத்தை நகர்த்தாமல் அதே இடத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். வரியை எஃப்கெட்ஸில் எடுத்து, பஃபருக்குள் எண்ணைத் தேடுங்கள். இரண்டையும் கலந்தால் ஸ்கேன்எஃப் விட்டுப்போன புதுவரிக் குறியை எஃப்கெட்ஸ் எடுத்து, முதல் வரியை வெற்றாகக் காட்டும் தொல்லையும் உண்டு.

## நெடுவரிசை இடம் மாறுகிறது

லாரி எண் இல்லாத வரியில் எடை, லாரி எண்ணின் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஸ்டர்டாக் அடுத்தடுத்த இரண்டு காற்புள்ளிகளை ஒன்றாகவே எண்ணும். ஸ்டர்-சி-ஸ்பேன் கொண்டு ஒவ்வொரு காற்புள்ளியாக நீங்களே நடந்து போங்கள். வெற்றுப் புலம் வெற்றாகவே நிற்கும்.

தமிழ்ப் பெயர் வந்ததும் விஷுவல் ஸ்டூடியோ எச்சரிக்கைப் பெட்டி காட்டி நிற்கிறது என்றால், இஸ்-ஸ்பேஸ் அல்லது இஸ்-டிஜிட்டுக்குக் கேரை நேரடியாகக் கொடுக்கிறீர்கள். தமிழ்ப் பைட்டுகள் அங்கே மைனஸ் எண்ணாகப் போகின்றன. அன்சைன்ட் கேர் ஆக மாற்றிக் கொடுங்கள்.

## தொடங்கியதுமே விழுகிறது

எஃப்ஓப்பன் நல் பாயிண்டர் தந்ததா என்று பாருங்கள். பி-எரர் காரணத்தைச் சொல்லும். விண்டோஸ் பாதையில் ஒற்றை பேக்ஸ்லாஷ் போட்டு அடுத்து 'என்' எழுத்து வந்தால் அது புதுவரியாகிவிடும். பேக்ஸ்லாஷை இரட்டையாக்குங்கள்.

கோப்பைத் திறக்கும் முன்பே விழுந்தால் பஃபரின் அளவு காரணமாக இருக்கலாம். உள்ளூர் அரே, ஸ்டேக் என்ற அளவான நினைவகப் பகுதியில் உட்காருகிறது. விண்டோஸில் வழக்கமாக அது 1 எம்பி, லினக்ஸில் 8 எம்பி. முன்னால் ஸ்டேட்டிக் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

கெட்ஸ் என்ற ஃபங்ஷன் எங்காவது தென்பட்டால் வேறு எதையும் தேடும் முன் அதை நீக்குங்கள். பஃபரின் அளவையே அது கேட்காது. 1988இல் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மாரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011 தரத்தில் மொழியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆய்வக நோட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

## எப்போது வேறு ஆளைக் கூப்பிடுவது

அதே கோப்பை இரண்டு முறை படித்தால் இரண்டு விதமான பைட் வருகிறது, அல்லது எஃப்-எரர் உண்மை என்கிறது: கோளாறு நிரலில் இல்லை, கார்டில். அதில் இனி எதுவும் எழுதாதீர்கள். கணக்கு முக்கியம் என்றால் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். செலவு ஆகும், எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கணினியில் சானிடைசர் போட்டும் சுத்தமாக ஓடுகிறது, பலகையில் மட்டும் மூன்று நாளுக்கு ஒரு முறை விழுகிறது: பஃபரையோ ஸ்டேக்கையோ வேறொரு பகுதி மிதிக்கிறது. டீபக்கர் கருவி வைத்திருக்கும் எம்பெடட் ஆள்தான் வேண்டும். யூகத்தில் பஃபரை மாற்றிக்கொண்டே இருந்தால் அறிகுறி இடம் மாறுமே தவிரப் போகாது.

வரிகளின் நடுவில் பூஜ்யக் கூட்டம் தினமும் வருகிறது: எழுதும் கருவியைச் செய்தவரிடம் போங்கள். உங்கள் நிரலை எத்தனை கெட்டிப்படுத்தினாலும் எழுதாத எடையைப் படிக்க முடியாது.

யாரைக் கூப்பிட்டாலும் தொடாத அசல் கோப்பைச் சுருக்கிய கோப்புறையாக அனுப்புங்கள். கூடவே நிரலும், சதுர அடைப்பு போட்டு அச்சிட்ட முதல் ஐம்பது வரியும். திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். படத்தில் கேரேஜ் ரிட்டர்ன் தெரியாது.